அட்டையில் 73939133 போட்ட புதிர் புத்தகம்: வாங்கலாமா?

"மூன்றிலக்க பகா எண்." இப்படி மொட்டையாக ஒரு குறிப்பைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நம் தலையில் கட்டும் எண் குறுக்கெழுத்துகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்றிலக்கத்தில் பகா எண்கள் 143 இருக்கின்றன. அதில் எதை எழுதுவதாம்? கட்டத்தில் அந்த விடையைக் குறுக்கே வெட்டும் மற்ற விடைகள் வழி காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் அது புதிரே இல்லை, வாய்ப்பாட்டைப் புரட்டும் வேலை. இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் எந்த எண் புதிர் புத்தகத்தையும் எடை போடுவேன். திருவல்லிக்கேணியில் வாங்கிய இந்த ஸ்பைரல் புத்தகம் முக்கால்வாசி தேறிவிட்டது. மீதிக் கால்வாசியைப் பற்றியும் சொல்கிறேன்.

பாரதி சாலையில், எங்களுக்கு இன்னும் அது பைகிராப்ட்ஸ் ரோடுதான், ஒரு ஜெராக்ஸ் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். அட்டையில் பெயர் கிடையாது, படம் கிடையாது. நடுவில் கொட்டை எழுத்தில் 73939133 மட்டும். யாரோ போன் நம்பரை எழுதி வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். திருப்பினால் உள்ளட்டையில் விளக்கம் இருக்கிறது. இது பகா எண். கடைசி இலக்கத்தை வெட்டினால் 7393913, அதுவும் பகா எண். இன்னொன்றை வெட்டினால் 739391. அப்புறம் 73939, 7393, 739, 73, 7. எல்லாமே பகா எண். இப்படி வலது பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே வந்தாலும் பகா எண்ணாகவே நிற்பவற்றில் இதுதான் மிகப் பெரியது. விளம்பர வாசகம் எதுவும் எழுதாமல் இந்த ஒரு எண்ணை மட்டும் அட்டையில் போட்டவரை எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது. எழுதியவர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியராம். புத்தகத்தில் பெயர் போட்டுக்கொள்ளவில்லை. விலை 120 ரூபாய். 40 புதிர்கள்.

நான் பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். குரோம்பேட்டையில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் ஒரு புதிர், திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தால் இன்னொன்று. நாள் முழுக்க எண்களோடு மாரடித்துவிட்டு ரயிலிலும் அதே எண்களா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆபீசில் பார்ப்பது ஜிஎஸ்டி. இது வேறு.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். கட்டங்கள் நல்ல அளவு. ஒரு கட்டத்தின் மூலையில் 1, 3, 7, 9 என்று பென்சிலில் பொடியாக எழுதி வைத்து ஒவ்வொன்றாக அடிக்க இடம் இருக்கிறது. இந்த மாதிரிப் புதிருக்கு அது ரொம்ப முக்கியம். தாள்தான் சன்னம், நாலு தடவை அழித்தால் பஞ்சு பஞ்சாக வருகிறது. ஸ்பைரல் முனை சேலைத் தலைப்பில் மாட்டி இழுக்கிறது, செல்லோடேப் சுற்றிக்கொண்டால் சரியாகிவிடும். முதல் பக்கத்தில் இரண்டு விதிகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: 1 பகா எண் அல்ல, எந்த விடையும் 0-வில் தொடங்காது. இந்த இரண்டையும் சொல்லாமல் விட்டு உயிரை எடுக்கும் புதிர்கள் எத்தனையோ உண்டு.

இப்போது சரக்குக்கு வருவோம். கடையில் மாதிரிக்காகக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருப்பது மூன்றுக்கு மூன்று கட்டம். கறுப்புக் கட்டமே இல்லை, ஒன்பதும் வெள்ளை. அதையே எடுத்துக்கொள்கிறேன், புத்தகம் வாங்குபவர்களின் சுவாரஸ்யம் கெடாது. குறிப்புகள் ஆறு.

இடமிருந்து வலம். 1: பகா எண், திருப்பிப் போட்டால் வர்க்க எண். 4: வர்க்க எண். 5: இலக்கங்களை எப்படிச் சுழற்றினாலும் பகா எண்.
மேலிருந்து கீழ். 1: விகடகவிப் பகா எண். 2: 27-இன் மடங்கு. 3: கன எண்.

ஒரு குறிப்பில்கூட நேரடியாக எண் இல்லை என்று மலைக்க வேண்டாம். முதல் குறிப்பைப் பாருங்கள். மூன்றிலக்க பகா எண் 1, 3, 7, 9 இந்த நான்கில் ஒன்றில்தான் முடியும். அப்படியானால் திருப்பிப் போட்ட வர்க்க எண் இந்த நான்கில் ஒன்றில் தொடங்க வேண்டும். மூன்றிலக்க வர்க்கங்களில் அப்படித் தொடங்குபவை 100, 121, 144, 169, 196, 324, 361, 729, 784, 900, 961. ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். 100-ம் 900-மும் பூஜ்யத்தில் தொடங்கிவிடும், அவுட். 121, 144, 169, 961 நான்கையும் திருப்பினால் மறுபடியும் வர்க்கமே வருகிறது. 324, 729 இரண்டும் ஒன்பதால் வகுபடும், திருப்பினாலும் வகுபடும். மிஞ்சுவது மூன்று: 691, 163, 487. மூன்றுமே பகா எண்கள்தான்.

143 மூன்றாகிவிட்டது. இனி கட்டம் பார்த்துக்கொள்ளும். மேலிருந்து கீழ் 1 விகடகவிப் பகா எண், அதாவது எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். கடைசி இலக்கம் 1, 3, 7, 9-இல் ஒன்று என்றால் முதல் இலக்கமும் அதேதான். ஆகவே மூலைக் கட்டத்தில் 6-ம் வராது, 4-ம் வராது. 691 போச்சு, 487 போச்சு. மேல் வரிசை 163.

மேலிருந்து கீழ் 3 இப்போது 3-இல் தொடங்கும் கன எண். மூன்றிலக்க கனங்கள் 125, 216, 343, 512, 729 ஐந்தே. 343-ஐ எழுதிவிடலாம். கடைசி வரிசை 1-இல் தொடங்கி (விகடகவி) 3-இல் முடிகிறது. சுழற்றினாலும் பகா எண் என்பதால் நடு இலக்கமும் 1, 3, 7, 9-இல் ஒன்றாக இருக்க வேண்டும். 133 ஏழு பத்தொன்பது. 173-ஐச் சுழற்றினால் 731, அது பதினேழு நாற்பத்து மூன்று. 193-ஐச் சுழற்றினால் 931, ஏழால் வகுபடும். 113 மட்டும் 131, 311 என்று எப்படிப் போட்டாலும் அசையாமல் நிற்கிறது. நடு வரிசை 4-இல் முடியும் வர்க்கம்: 144, 324, 484, 784. அதன் முதல் இலக்கம் 1-க்கும் 1-க்கும் நடுவில் உட்காருகிறது. 111 மூன்றால் வகுபடும், 141-ம் அப்படியே, 171-ம் அப்படியே. 131 மட்டும் பகா எண். எனவே 324. நடுவில் மேலிருந்து கீழே படித்தால் 621. இருபத்தேழு இருபத்து மூன்று 621. முடிந்தது.

621-ஐத் தனியாகப் பார்த்தால் பகா எண் மாதிரியே நடிக்கும். அதற்காகவே அந்த இடத்தில் வைத்திருக்கிறார். இந்த ஒன்பது கட்டத்தில் ஒரு இடத்தில்கூட ஊகம் செய்ய வேண்டியதில்லை, கால்குலேட்டரும் தேவையில்லை. முதல் இருபது புதிர்களும் ஏறக்குறைய இந்தத் தரத்தில் இருக்கின்றன.

இன்னொரு விஷயத்துக்காகவும் இவரைப் பாராட்ட வேண்டும். நம் வாரப் பத்திரிகைக் குறுக்கெழுத்துகளில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் விடைகள் வரும், பார்த்திருப்பீர்கள். இவர் அதை எண்களுக்குக் கொண்டுவந்துவிட்டார். எண்களுக்கு அது எழுத்துகளைவிட நன்றாகப் பொருந்துகிறது. இடமிருந்து வலம் ஒரு பகா எண், அதே கட்டங்கள் வலமிருந்து இடம் வேறொரு பகா எண் என்று குறிப்பு கொடுத்தால், இரண்டு ஓரங்களிலும் 1, 3, 7, 9 தவிர எதுவும் நுழைய முடியாது. ஒரே குறிப்பில் இரண்டு கட்டங்கள் இறுகிவிடுகின்றன. ஈரிலக்கத்தில் இப்படிப்பட்ட ஜோடிகள் நான்கு: 13-31, 17-71, 37-73, 79-97. இதை ஒருமுறை கையால் எழுதிப் பார்த்துவிட்டால் பதினோராவது புதிரிலிருந்து இருபதாவது வரை சர்ரென்று போகும்.

பதினெட்டாவது புதிரில் வருகிற ஒரு குறிப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன்: "இரண்டு பகா எண்களின் கூட்டல், விடை ஒற்றைப்படை." பக்கத்து சீட்டில் இருந்த கல்லூரிப் பெண் எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, இதுக்கு ஆயிரம் விடை வருமே" என்றாள். "ரெண்டு ஒற்றைப்படையைக் கூட்டினா என்னம்மா வரும்?" என்று கேட்டேன். கோடம்பாக்கம் தாண்டுவதற்குள், "அப்போ ஒண்ணு 2-ஆத்தான் இருக்கணும்!" என்று அவளே கத்திவிட்டாள். பகா எண்களில் இரட்டைப்படை 2 ஒன்றுதானே. ஆகவே விடையிலிருந்து 2-ஐக் கழித்தால் பகா எண் வர வேண்டும், குறுக்கே ஏற்கெனவே இருக்கும் இலக்கத்தோடு பொருத்தினால் தீர்ந்தது. சேத்துப்பட்டில் இறங்கும்போது புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போனாள்.

சுடோகு பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. சுடோகுவில் எண்களுக்குப் பதில் ஒன்பது பழங்களின் படத்தைப் போட்டாலும் புதிர் மாறாது. இதில் மாறும். வகுத்தல், மீதி, கடைசி இலக்கம் எல்லாம் வேலை செய்ய வேண்டும். அது பிடிக்காதவர்கள் 120 ரூபாயை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

இனி குறைகள்.

இருபத்து மூன்றாவது புதிரில் "மூன்றிலக்க பகா எண்" என்று ஒரு குறிப்பு. குறுக்கே போகும் விடைகள் எல்லாம் சரியாக விழுந்து, அந்த இடத்தில் 551 வந்து நிற்கிறது. 551 பகா எண்ணே இல்லை. பத்தொன்பது இருபத்தொன்பது 551. பின்பக்க விடையிலும் 551 என்றே அச்சாகியிருக்கிறது. மூன்றிலக்க எண் பகா எண்ணா என்று பார்க்க 31 வரைக்கும் உள்ள பகா எண்களால், அதாவது பதினோரு எண்களால், வகுத்துப் பார்த்தால் போதும். 17-ஓடு நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. கடையில் போய்ச் சொன்னேன். கடைக்காரர் கொஞ்சமும் பதறாமல், "சார் சனிக்கிழமை வருவாரு, எழுதிக் குடுத்துட்டுப் போங்க மேடம்" என்று ஒரு பில்லின் பின்பக்கத்தை நீட்டினார். எழுதிக் கொடுத்தேன்.

பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது, அடுக்கியிருந்த எல்லாப் பிரதிகளிலும் அந்தக் குறிப்பின்மேல் சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. புதிய குறிப்பு: "பத்து வித்தியாசம் உள்ள இரண்டு பகா எண்களின் பெருக்கல்." அசந்துவிட்டேன். மூன்றிலக்கத்தில் அப்படி வருபவை 119, 299, 551 மூன்றே. கட்டத்தில் 5 ஏற்கெனவே விழுந்திருக்கும் என்பதால் விடை ஒன்றுதான். பழைய மொட்டைக் குறிப்பைவிடப் பத்து மடங்கு நல்ல குறிப்பு. புத்தகத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த ஒட்டுச் சீட்டுதான் என்றால் ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். நீங்கள் வாங்கும் பிரதியில் சீட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இருபத்தேழாவதில் "நான்கிலக்க விகடகவி எண், பகா எண் அல்ல" என்று இருக்கிறது. நான்கிலக்க விகடகவி எண்கள் எல்லாமே 11-ஆல் வகுபடும். 1331, 2772, 7117 எதை வேண்டுமானாலும் வகுத்துப் பாருங்கள். அப்புறம் "பகா எண் அல்ல" என்று சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? இதற்குப் பதில் அந்த 11-ஆல் வகுபடும் விஷயத்தைச் சோதிக்கிற மாதிரி எதையாவது கேட்டிருக்கலாம்.

சென்னையில் கணக்குப் புத்தகம் போட்டால் 1729 வராமல் இருக்குமா? வருகிறது, முப்பதாவது புதிரில். குறிப்பு: "டாக்ஸி." அவ்வளவுதான். லண்டன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க ஹார்டி ஏறி வந்த டாக்ஸியின் எண் இது என்பது இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அதுவும் கடை இருப்பது அவர் குடியிருந்த திருவல்லிக்கேணியில். 1912-இல் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்துக்கு அவர் கணக்கராகச் சேர்ந்த துறைமுகம் என் ஆபீசிலிருந்து கூப்பிடு தூரம். அவர்மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் யோசிக்காமலே நான்கு கட்டங்கள் நிரம்பிவிட்டால் அந்தப் புதிரின் மூலை ஒன்று செத்துவிடுகிறது. இதே எண்ணுக்கு எவ்வளவோ நல்ல குறிப்பு இருக்கிறது. 1729-இன் இலக்கங்களைக் கூட்டினால் 19, அதைத் திருப்பிப் போட்டால் 91, இரண்டையும் பெருக்கினால் மறுபடியும் 1729. இந்தக் குணம் உள்ள நான்கிலக்க எண்கள் இரண்டே: 1458, 1729. இதைக் குறிப்பாகக் கொடுத்து, எது என்பதைக் கட்டத்தின் கையில் விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

நம் ஊர் ஆளைத்தான் கொண்டுவர வேண்டும் என்றால் எஸ். எஸ். பிள்ளையையும் கொஞ்சம் நினைக்கலாம். செங்கோட்டைப் பக்கத்துக்காரர். சென்னையில் ஆராய்ச்சி செய்தவர். அமெரிக்காவில் நடந்த கணித மாநாட்டுக்குக் கிளம்பி, 1950-இல் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் ஒரு வகைப் பகா எண்களே இருக்கின்றன, பிள்ளை பகா எண்கள் என்று. அதில் முதலாவது 23. "பிள்ளை பகா எண்களில் முதலாவது" என்று ஈரிலக்கக் குறிப்பு ஒன்று வைத்துவிட்டு, பக்கத்தின் அடியில் இரண்டு வரி அவரைப் பற்றிப் போடலாம். அடுத்த பதிப்புக்கு இதையும் அந்தப் பில்லின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பெரிய குறை, கடைசிப் பத்து புதிர்கள். கட்டம் ஏழுக்கு ஏழாகிறது, கறுப்புக் கட்டங்கள் பெருகுகின்றன, நான்கிலக்க பகா எண்கள் வருகின்றன. நான்கிலக்கத்தில் பகா எண்கள் 1061. ஒரு நான்கிலக்க எண்ணைச் சோதிக்க 97 வரைக்கும் இருபத்தைந்து பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டிவரலாம். அதில் குறுக்கே எதுவும் வெட்டாத கட்டம் இரண்டு இருந்தால் என்ன ஆகும்? போனை எடுத்து, கால்குலேட்டரில் தட்டி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். முப்பத்து நான்காவது புதிரை எழும்பூரிலேயே மூடிவிட்டேன். முப்பத்தேழு மட்டும் விதிவிலக்கு. அதில் நான்கிலக்க விடைகள் எல்லாமே அட்டை எண் மாதிரி வலது பக்கத்திலிருந்து வெட்ட வெட்ட பகா எண்ணாகவே நிற்பவை. அப்படி நான்கிலக்கத்தில் பதினாறுதான் உண்டு, முதல் இலக்கம் 2, 3, 5, 7 தவிர வேறு இருக்க முடியாது. ஆகவே இறுக்கமாக இருக்கிறது. ஆயிரத்து அறுபத்தொன்றைப் பதினாறாக்கத் தெரிந்தவர் மற்ற ஒன்பதிலும் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று தெரியவில்லை.

விடைப் பக்கங்களில் நிரப்பிய கட்டம் மட்டுமே இருக்கிறது. எங்கே தொடங்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் புதிதாக வருகிறவர்களுக்குப் பெரிய உதவி. என் தங்கை மகன் எட்டாவது படிக்கிறான். பகா எண் என்றால் என்ன, வர்க்கம் என்றால் என்ன, எல்லாம் பள்ளியில் படித்ததுதான். ஆனால் "பெரியம்மா, முதல்ல எந்தக் கட்டத்துல கை வைக்கிறது?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறான். குறைந்த விடைகள் உள்ள குறிப்பில் தொடங்கு, கன எண் ஐந்தே என்றால் அதிலிருந்து ஆரம்பி என்று சொல்லிக் கொடுத்த பிறகு தானாகப் போடுகிறான். 51, 57, 87, 91 நான்கும் பகா எண் அல்ல என்பதை மட்டும் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று பதினேழு, மூன்று பத்தொன்பது, மூன்று இருபத்தொன்பது, ஏழு பதின்மூன்று. எல்லாரும் வழுக்கி விழுகிற இடம் அது.

ஆக, முதல் முப்பதுக்காக வாங்கலாம். 120 ரூபாய்க்கு இரண்டு மாதம் ரயிலில் ஓடும், தினமும் ஒன்று என்று பேராசைப்படாமல் இருந்தால். மெல்லிய முனை பென்சிலும் மெத்தென்ற ரப்பரும் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள், அந்தக் கடையிலேயே கிடைக்கும். ஜிபே உண்டு. மத்தியானம் ஒன்றரையிலிருந்து நாலு மணி வரை ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள், ஞாயிறு விடுமுறை. ஆசிரியரையே பார்த்து ஏதாவது கேட்க வேண்டும் என்றால் சனிக்கிழமை சாயங்காலம் போங்கள்.